மலையில் நின்றவர்கள் எப்போது எழுதினார்கள்?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "ஷேக்ஸ்பியர், தாகூர், பாரதி என்று உலகத்து எழுத்தாளர்களின் வாழ்க்கையெல்லாம் வாசிக்கிறோம். எங்கள் தேயிலைத் தோட்டப்புறத்தில் எழுதினவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? பகல் முழுக்க மலையில் நின்றவர்களுக்கு எழுத எப்போது நேரம் கிடைத்தது? பாட்டும் சிறுகதையும் இவ்வளவு இருக்க, நாவல் மட்டும் ஏன் குறைவு?"

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் எனக்கு இது ஒரே கேள்விதான். ஒருவர் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வேலை செய்தார், அந்த வேலை அவருக்கு எவ்வளவு நேரத்தை மிச்சம் விட்டது, இரவில் எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தார் என்று பார்த்தால், அவர் ஏன் பாட்டுக் கட்டினார், ஏன் கதை எழுதினார் என்பது பாதி விளங்கிவிடும். எல்லா நாட்டிலும் அப்படித்தான். நம் பக்கத்தில் அது கொஞ்சம் பச்சையாகவே தெரிகிறது. ஹட்டனைச் சுற்றிய பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டு. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குக் கண்ணும் கையும் வேலையில் இருக்கின்றன. வாய் மட்டும்தான் சும்மா இருக்கிறது. பாட்டுக் கட்ட எழுத்துத் தெரிய வேண்டாம், கடதாசி வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். அதனால் மலையகத்தின் முதல் இலக்கியம் வாயில் பிறந்தது, அதிலும் பெரும்பகுதி பெண்களின் வாயில். "கோணக் கோண மலையேறி / கோப்பிப் பழம் பறிக்கையிலே / ஒரு பழம் தப்பிச்சின்னு / ஒதைச்சானையா சின்னத்தொரை" என்ற பாட்டு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு சொல் இரண்டு சொல் மாறும். நாலே அடிக்குள் இடம், வேலை, குற்றம், தண்டனை, தண்டித்த ஆள் எல்லாம் வந்துவிடுகிறது. கோப்பி 1880களிலேயே அழிந்து தேயிலை வந்துவிட்டது. பாட்டோ இன்னும் கோப்பிப் பழத்தைத்தான் பறித்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்தே அதன் வயதைச் சொல்லலாம்.

என் அப்பாயி ஒரு தாலாட்டுப் பாடுவார். இந்தியக் கரையில் தோணியேறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்து வந்ததைச் சொல்லும் பாட்டு. அப்பாயி நடந்தவர் இல்லை. அவருடைய பாட்டி நடந்தவர். வழியில் காய்ச்சலில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்த இடம் அந்தப் பாட்டில் வரும். பிள்ளையைத் தூங்கவைக்க ஏன் இதைப் பாடினார்கள் என்று சின்ன வயதில் யோசித்ததே இல்லை. இப்போது எனக்கு அதில் மூன்றாவது அடி மறந்துபோய்விட்டது. முதல் இரண்டும் நாலாவதும் இருக்கின்றன, நடுவில் ஓட்டை.

இப்படி ஓட்டை விழுவதற்கு முன்னால் பிடித்து வைத்தவர்களில் முக்கியமானவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983-இல் வந்தது. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். தொழிற்சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாக அலைந்த மனிதர் என்பதால்தான் அந்தப் பாட்டுகள் அவர் காதில் விழுந்தன. மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பண்டிதரிடம் அவை போய்ச் சேர்ந்திருக்காது.

இந்த இடத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொபர்ட் பேர்ன்ஸ். 1759-இல் பிறந்தவர். குத்தகை நிலத்தில் பாடுபட்ட விவசாயியின் மகன், தானும் ஏர் பிடித்தவர். வயலிலும் வீட்டிலும் பாடப்பட்ட நாட்டுப் பாட்டுகளைச் சேர்த்து, அறுந்த இடத்தில் தானே அடி கட்டி ஒட்டவைத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். முதல் கவிதைப் புத்தகம் வந்த 1786-இல் அவர் கையில் ஒரு சதமும் இல்லை. ஜமேக்காவில் அடிமைகள் வேலை செய்த ஒரு தோட்டத்துக்குக் கணக்கெழுதும் வேலைக்குப் போகக் கப்பலேறுவதாக இருந்தார். நம் பேச்சில் சொன்னால், கணக்கப்பிள்ளை உத்தியோகம். புத்தகம் நன்றாக விற்றதால் பயணம் நின்றது. விற்காமல் போயிருந்தால், மனிதருக்காகப் பாடிய அந்தக் கவிஞர் அடிமைகளுக்கு வேலைக்கணக்கில் பேர் போடுகிற ஆளாக ஆகியிருப்பார். இன்னொன்றும் உண்டு. 1867-இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். அவர் பிறந்த கின்காடின்ஷயர் என்ற அதே மாவட்டத்திலிருந்துதான் பேர்ன்ஸின் தகப்பனும் பிழைப்புத் தேடித் தெற்கே போனார். ஒரே மாவட்டத்து ஏழ்மை ஒரு வீட்டிலிருந்து கவிஞரைக் கொடுத்தது, இன்னொரு வீட்டிலிருந்து நமக்கு ஒரு துரையை அனுப்பியது.

சரி, அச்சுக்கு வருவோம். இது பலரும் சொல்லத் தயங்குகிற கதை. கோப்பித் தோட்டத்தைப் பற்றித் தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் ஒன்று 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. எழுதியவர் ஆபிரகாம் ஜோசப், ஆண்டு 1869. தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். கோப்பி எப்படி நடுவது, எப்படிப் பேணுவது என்று கும்மி மெட்டில் சொல்கிறார். கோப்பியையும் துரைமாரையும் மெச்சுகிறார். உதை வாங்கினவர் பாடிய கோப்பியும் உதைத்தவர் பக்கம் நின்றவர் பாடிய கோப்பியும் ஒரே செடிதான். மு. நித்தியானந்தன் 'கூலித்தமிழ்' என்ற ஆய்வு நூலில் இதையெல்லாம் தோண்டியெடுத்து எழுதியிருக்கிறார், அவசியம் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், கோப்பியைப் புகழ்ந்து இந்தக் கும்மி வந்த அதே 1869-இல்தான் கோப்பி இலையைக் காவு வாங்கிய துரு நோய் இலங்கையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி முடிந்தது, கும்மிக்கும் வேலையில்லாமல் போனது.

அந்தப் பக்கத்தை மாற்றியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்தவர். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேஷத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார் என்பார்கள். 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தினார். 1931-இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். பிரசுரமும் நாடகமும் எழுதினார். ஆனால் எனக்கு அவரைவிட ஒரு படி மேலே வைக்கத் தோன்றுவது அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளை. கூட்டத்தில் அய்யர் பேசத் தொடங்கும் முன்னால் அம்மாள் பாடுவார். மக்களுக்குத் தெரிந்த மெட்டில் அவர்களுடைய கஷ்டத்தையே வைத்துப் பாடுவார். 1940-இல் அந்தப் பாட்டுகள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று சின்னப் புத்தகமாக வந்தன. வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்குப் பாட்டுத்தான் துண்டுப்பிரசுரம் என்பதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். இலக்கிய வரலாற்றில் அவருக்கு இன்னும் கணவரின் பேருக்குப் பின்னால்தான் இடம். இது எனக்குப் பிடிக்காத விஷயம், சொல்லிவைக்கிறேன்.

இனி சி.வி.யிடம் வருவோம். 1914-இல் வட்டகொடையில் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர். ஹட்டனிலும் கொழும்பு நாலந்தாவிலும் படித்தார், ஆசிரியராக வேலை பார்த்தார், பிறகு தொழிற்சங்கம். 1947-இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போன 7 பேரில் ஒருவர், தலவாக்கலைத் தொகுதி. அடுத்த வருடம் குடியுரிமைச் சட்டம் வந்தது, அதற்கடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. தன்னைத் தெரிவுசெய்த மக்கள் அடுத்த தேர்தலில் வாக்காளர்களே இல்லை என்ற நிலையை நேரில் பார்த்த மனிதர் அவர். உலகத்தில் எத்தனை கவிஞர்களுக்கு இந்த அனுபவம் கிடைத்திருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

அந்த அடிக்குப் பிறகு 1954-இல் அவருடைய நெடுங்கவிதை வருகிறது, ஆங்கிலத்தில். சக்தி பால ஐயா பிறகு அதைத் தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தந்தார். மொழிபெயர்ப்பு என்பதைவிட மறுபடி ஆக்கியது என்று சொல்வதே பொருந்தும். இங்கே மாணவர்கள் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்கள்: தொழிலாளிக்காக எழுதினவர் தொழிலாளிக்குத் தெரியாத மொழியில் ஏன் எழுதினார்? அவர் யாரைப் பார்த்துப் பேசினார் என்று பாருங்கள். தேயிலைத் தூருக்கடியில் புதைந்துபோனவர்களைப் பற்றி அந்தத் தூருக்குப் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குத் தெரியும். தெரியாதவர்கள் பங்களாவிலும் கொழும்பிலும் இலண்டனிலும் இருந்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடமோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட காலம். தமிழில் எழுதியிருந்தாலும் லயத்தில் வாசிக்கிறவர் சிலர்தான். அந்த ஆங்கிலக் கவிதைக்குள் காது வைத்துக் கேட்டால் தப்புப் பறையின் சத்தமும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக் கூப்பாடும் கேட்கும்.

பிறகு அவர் தமிழில் நாவல்களும் எழுதினார். 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' இரண்டும் கைக்குக் கிடைக்கும். என் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை: அந்த நாவல்கள் பல இடங்களில் சங்கக் கூட்டத்து அறிக்கை மாதிரி நடக்கின்றன. பாத்திரங்கள் பேசும்போது மட்டும் உயிர் வந்துவிடுகிறது. மலையக மனிதர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய சித்திரங்களை மு. சிவலிங்கம் 'தேயிலை தேசம்' என்ற பெயரில் தமிழாக்கினார். அதைத்தான் நான் மாணவர்களுக்கு முதலில் கொடுப்பது. ஒரு முறை ஒரு நகரத்து வாசிகசாலையில் சி.வி.யின் புத்தகம் கேட்டேன். இருந்தவர் யோசித்துவிட்டு, "தேயிலை சம்பந்தமான புத்தகமா? விவசாயப் பகுதியில பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே அங்கேதான் இருந்தது.

நீங்கள் உலகத்து எழுத்தாளர்களைப் பற்றிக் கேட்டதால் கே. கணேஷைத் தாண்டிப் போக முடியாது. 1920-இல் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் பிறந்து, தலாத்துஓயாவில் வாழ்ந்து, 2004-இல் மறைந்தவர். அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, டி.எச். லாரன்ஸ் கண்டிக்கு வந்து ஒரு பங்களாவில் சில வாரம் தங்கினார். கண்டி ஊர்வலமான பெரஹராவைப் பார்த்தார், யானையைப் பற்றிக் கவிதை எழுதினார், வெக்கை தாங்காமல் போய்விட்டார். வெளியுலகம் கண்டியைத் தேடி வந்தது அப்படி. கணேஷ் செய்தது அதற்கு மறுதலை. கண்டியிலிருந்தபடியே வெளியுலகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். முல்க் ராஜ் ஆனந்தின் நாவல் 'தீண்டாதான்' ஆனது. ஹோ சி மின்னின் சிறைக் கவிதைகள் வந்தன. ஹங்கேரியக் கவிதையும் பல்கேரியக் கவிதையும் தலாத்துஓயா வழியாகத் தமிழுக்கு வந்தன. லூ சுன்னின் கதைகளை 'போர்க்குரல்' என்று தந்தார். மருத்துவம் படிக்க ஜப்பானுக்குப் போய், உடம்பைக் குணமாக்குவதால் மட்டும் தன் மக்களுக்கு விடிவில்லை என்று படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுத வந்தவர் லூ சுன். அந்தச் சீனக்காரர் கணேஷுக்கு ஏன் பிடித்தார் என்பதை மலையகத்து ஆளுக்கு விளக்கத் தேவையில்லை. 1946-இல் கே. ராமநாதனோடு சேர்ந்து 'பாரதி' என்ற இதழையும் நடத்தினார். தானாக எழுதிய கவிதைகள் குறைவு. மொழிபெயர்ப்பிலேயே காலம் போய்விட்டது என்று சிலர் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி 1960கள். உங்கள் கேள்வியின் நடுப்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி மாதிரி இடங்களில் படித்துவிட்டு வந்த முதல் தலைமுறை இளைஞர்கள். ஆசிரியர், கிளார்க், கணக்கப்பிள்ளை, கடையில் கணக்கெழுதுகிறவர் என்று சின்னச் சின்ன உத்தியோகம். அவர்களுக்கு வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் பார்த்த 'தோட்ட மஞ்சரி' பக்கம் கிடைத்தது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தோடு சேர்ந்து சிறுகதைப் போட்டிகள் வைத்தார்கள். அதில் பரிசு பெற்ற கதைகள் 1971-இல் 'கதைக் கனிகள்' என்ற தொகுப்பானது. நான் அந்தப் பக்கத்தை வாசித்தது சலூனில். முடி வெட்ட முறை வருவதற்குள் ஒரு கதையை முடித்துவிடலாம். முடியாவிட்டால் பின்னால் இருப்பவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். கடைக்கார அண்ணன், "கதைய முடிச்சிட்டு வாங்க தம்பி" என்பார்.

அந்த அளவுதான் விஷயம். பத்திரிகையில் அரைப் பக்கம், எழுதுகிறவருக்கு வேலை விட்டு வந்தபின் இரண்டு மணித்தியாலம், குப்பி லாம்பில் மண்ணெண்ணெய் தீரும் வரைக்கும் வெளிச்சம். இதற்குள் அடங்குவது சிறுகதை. செக்கோவ் இளம் டாக்டராக இருந்தபோது ஒரு நகைச்சுவைப் பத்திரிகைக்கு எழுதினார்; கதை 100 வரிக்கு மேல் போகக்கூடாது என்று ஆசிரியரின் கட்டளை. குடும்பத்துக்குக் காசு வேண்டும், எழுதினார், சுருக்கிச் சொல்லும் கலை கைவந்தது. அவருடைய தாத்தா, காசு கட்டித் தன்னை மீட்டுக்கொண்ட பண்ணையடிமை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் அலிஸ் மன்றோவும், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுத முடிந்தது சிறுகதைதான் என்று சொன்னவர்.

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1961-இல் தினகரனில் வந்தது. மலையகச் சிறுகதை தலைநிமிர்ந்தது அங்கேதான் என்று பலர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். மற்றவர்களைவிட அதிகமாகக் கொழுந்து எடுத்துவிட்ட ஒரு பெண். அவ்வளவு எடுக்க முடியாது, நிறுக்கிறவர் கூட்டிப் போட்டிருப்பார் என்று ஊர் சந்தேகப்படுகிறது. அவள் எப்படி நிரூபிக்கிறாள் என்பதுதான் கதை. வேலையில் கெட்டிக்காரியாக இருப்பதே பழியாகிவிடுகிற இடம் என்று வெளியாள் ஒருவர் கண்டுபிடித்திருப்பாரா? நிறுவையடியில் நின்று பார்த்தவருக்குத்தான் அது தெரியும். அதுவரை மலையகக் கதையென்றால் அழுகை, அடி, சாவு. இராமையா ஒரு தொழிலாளியின் கைத்திறமையைக் கதையாக்கினார்.

தெளிவத்தை ஜோசப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1934-இல் ஊவாக்கட்டவளை தோட்டத்தில் பிறந்தார். கும்பகோணத்தில் சில காலம் படித்தார். தெளிவத்தை என்ற தோட்டத்தில் ஆசிரியராக இருந்ததால் அந்தப் பெயரைத் தன் பெயரோடு கட்டிக்கொண்டார். பிறகு கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்காளர் வேலை. பகலில் எண், இரவில் எழுத்து. 2022-இல் மறையும் வரைக்கும் எழுதினார். 2013-இல் கோயம்புத்தூர் விஷ்ணுபுரம் வட்டம் விருது கொடுத்தபோதுதான் தமிழ்நாட்டில் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது. (அதே வருடம்தான் மன்றோவுக்கு நோபல். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.)

அவருடைய 'மீன்கள்' கதையைப் படித்திருக்கிறீர்களா? லயத்தில் ஒரு காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் தகப்பன், தாய், வளர்ந்த பிள்ளைகள். விளக்கை அணைத்தபின் இருட்டில் ஒரு தவறு நேரப் பார்க்கிறது. விடிந்தபின் அந்தத் தகப்பனின் கூச்சம், வேறு வீடு கேட்டு அவர் படுகிற பாடு. இதை ஒரு சொல் கூட்டி எழுதியிருந்தால் அசிங்கமாகியிருக்கும், ஒரு சொல் குறைத்திருந்தால் விளங்காது. வீட்டுப் பிரச்சினை என்று ஆயிரம் மேடையில் பேசியது என் காதில் விழுந்திருக்கிறது. அந்தக் கதை தந்த உறுத்தலை ஒன்றும் தரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் அதை முதலில் வாசித்தேன். வாசித்த இரவு எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது வெளித்திண்ணையில், படுத்துக்கொண்டேன். ஏன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது நாவல். இல்லை என்று சொல்ல முடியாது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் நந்தியின் 'மலைக்கொழுந்து'ம் 1964-இல் வந்தன. யோ. பெனடிக்ற் பாலனின் 'சொந்தக்காரன்' 1968. தெளிவத்தையின் 'காலங்கள் சாவதில்லை' 1974. ஆனால் பாருங்கள், நந்தி யாழ்ப்பாணத்துக்காரர், டாக்டர். தொடக்க கால நாவல்களில் நல்ல பங்கு வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் எழுதியது. அதற்கு முன்னால் 1935-இல் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதிவிட்டார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒரு திருநெல்வேலிப் பெண்ணின் கதை. அவர் இந்த மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. வெளியாள் எழுதினால் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 'துன்பக்கேணி' இன்றைக்கும் சுடுகிறது. ஆனால் அதில் தோட்டம் ஒரு நரகமாக மட்டும் இருக்கிறது. நரகத்தில் மத்தியானம் ரொட்டிக்குச் சம்பல் அரைப்பார்கள், தீபாவளிக்கு முன்பணம் கேட்டுச் சண்டை பிடிப்பார்கள், அரை நாள் சம்பளமாக அரைப்பேர் போட்ட கங்காணியைக் கேலி செய்து சிரிப்பார்கள் என்பதெல்லாம் அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும்.

நாவலுக்கு நேரம் வேண்டும், தனியாக ஓரிடம் வேண்டும். அதோடு, எழுதி முடிக்கும் வரைக்கும் இங்கேயே இருப்போம் என்ற நம்பிக்கையும் வேண்டும் என்று நினைக்கிறேன். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். அண்ணன் பெயர் ஒரு பட்டியலில், தங்கை பெயர் இன்னொன்றில். ஹட்டன், நானுஓயா ஸ்டேசன்களில் கோச்சி கிளம்பும்போது எழுந்த ஒப்பாரியை நான் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். எங்கள் வகுப்பில் நன்றாகக் கட்டுரை எழுதும் ஒரு பையன் அப்படித்தான் போனான். மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. அடுத்த அத்தியாயம் எந்த நாட்டில் என்று தெரியாத ஆட்கள் 400 பக்கத்துக்குத் திட்டம் போடுவது கஷ்டம். நாவல் மெதுவாக வந்ததற்கு எழுத்தாளர்களின் சோம்பலைக் காரணம் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. தெளிவத்தையே 'குடை நிழல்' நாவலைக் கொழும்பில் வீடு தேடுகிற, பிடித்துக்கொண்டு போகப்படுகிற மலையகத்து மனிதனை வைத்துத்தான் எழுதினார். அது வந்தது 2010-இல்.

ஆனால் இதற்கு ஒரு மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். நீண்ட வடிவம் நம்மிடம் இல்லாமல் இல்லை. காமன் கூத்து இருக்கிறதே! மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பம் நட்டு, நாட்கணக்கில் நடந்து, கடைசி இரவில் விடிய விடிய ஆடி, சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்து, ரதி புலம்பி முடிகிற கதை. தப்பு அடிக்க, வேஷக்காரர் லயம் லயமாகப் போக, தோட்டமே மேடையாகிவிடும். ரதி வேஷம் கட்டுவது பெரும்பாலும் ஆண்தான். எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒரு மாமா கட்டுவார். பகலில் கத்தி பிடித்த கை இரவில் அபிநயம் பிடிக்கும். அவர் புலம்பும்போது பெண்கள் அழுவார்கள். இறந்துபோன மன்மதனுக்காக அழுகிறார்களா, கோச்சியில் போன தங்கள் ஆளுக்காக அழுகிறார்களா என்று கேட்கத் தோன்றும். தனியாள் ஒருவர் இரவில் உட்கார்ந்து எழுத முடியாத நீளத்தை ஒரு தோட்டமே சேர்ந்து மனப்பாடமாகத் தூக்கிச் சுமந்தது. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் எல்லாம் அந்த வகைதான்.

ஷேக்ஸ்பியரை நீங்கள் புத்தகத்தில் படிக்கிறீர்கள். அவரும் வேஷம் கட்டியவர், தன் குழுவுக்காக எழுதியவர். அவர் காலத்திலும் பெண் வேஷம் பையன்கள்தான் கட்டினார்கள். அவருடைய நாடகங்களில் 18, அவர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1623-இல் நண்பர்கள் போட்ட பெரிய தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சேறின. கூட நடித்தவர்கள் அக்கறைப்படாவிட்டால் 'மக்பெத்' நமக்கு இல்லை. நம் கூத்து வாத்தியார்களின் கையெழுத்துக் கொப்பிகள் எத்தனை, கூரைக்கடியில் கரையான் தின்னப் போயினவோ. பிறகு அந்தனி ஜீவா போன்றவர்கள் வீதி நாடகத்தைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள், 'கொழுந்து' என்ற இதழும் நடத்தினார் அவர். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

"மலையில் நின்றவர்கள்" என்று கேட்டீர்களே, அந்தச் சொல்லுக்கு நேராக நிற்கிற பெயர் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை சொன்னவர்களில் பலர் உத்தியோகக்காரர்கள். தலவாக்கலையில் தோட்டத் தொழிலாளியாகவே இருந்து எழுதியவர் மல்லிகை சி. குமார். கவிதை, கதை, சித்திரம் எல்லாம் அவருக்கு வந்தது. 2020-இல் இறந்தார். 'மாடும் வீடும்' என்பது அவருடைய கவிதைத் தொகுப்பின் தலைப்பு. மாட்டுக்குக் கட்டின கொட்டிலையும் மனிதருக்குக் கட்டின லயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குத்தான் அந்தத் தலைப்பு அகப்படும். வேலைநாளில் மனதில் சேர்த்து வைத்ததை இரவில் இறக்கிவைக்கிற எழுத்து அது. வரி சின்னதாக இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். 'மீன்கள்', 'ஒரு கூடைக் கொழுந்து' இரண்டையும் ஒரே நாளில் வாசியுங்கள், ஒன்று காம்பராவுக்குள், ஒன்று மலையில். பிறகு 'தேயிலை தேசம்'. சாரல்நாடன் எழுதிய சி.வி. பற்றிய நூலும் நடேசய்யர் பற்றிய நூலும் வாழ்க்கை விவரங்களுக்கு நல்லவை. சாரல்நாடனும் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர்தான். கடையில் கிடைக்காவிட்டால் 'நூலகம்' இணையத்தளத்தில் தேடுங்கள், பழைய ஈழத்து நூல்கள் ஏராளமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள்.

கூடவே எனக்கு ஓர் உதவி. உங்கள் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால், மாத்தளைக்கு நடந்து வந்ததைச் சொல்லும் தாலாட்டு ஏதும் தெரியுமா என்று கேளுங்கள். போனில் பதிந்துகொள்ளுங்கள், மெட்டோடு. தோட்டம் மாறினால் சொல் மாறும், பரவாயில்லை. அந்த மூன்றாவது அடியில் ஆற்றைக் கடக்கிற ஓர் இடம் வரும் என்று மட்டும் எனக்கு ஞாபகம்.